அல்புஹார்ரா மலைச்சரிவில் முதன்முறையாக நடப்பவர்களுக்கு: வாய்க்கால்களின் வழியே ஒரு வழிகாட்டி

ஐபீரியத் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான முலாசென், மத்தியதரைக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலேயே 3,479 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அந்தச் சிகரத்தைத் தாங்கும் சியெர்ரா நெவாடா மலைத்தொடரின் தென்சரிவுக்கு அல்புஹார்ரா என்று பெயர். ஸ்பெயினின் அந்தலூசியா மாநிலத்தில், கிரனாடா, அல்மேரியா ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கும் இந்தச் சரிவு, கோடையில் மேலிருந்து பார்ப்பவருக்கு வெயிலில் காய்ந்த பழுப்பு நிலமாகவே தெரியும். ஆனால் அந்தப் பழுப்பின் குறுக்கே, ஏறக்குறைய ஒரே மட்டத்தில், பச்சைக் கோடுகள் ஓடுவதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். ஒவ்வொரு கோடும் ஒரு வாய்க்கால். இங்கே ஊர் எங்கே அமைந்தது, பாதை எப்படிச் சென்றது, யாருக்காகப் போர் நடந்தது, யார் விரட்டப்பட்டார்கள், யார் குடியேற்றப்பட்டார்கள் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை அந்த வாய்க்கால்களின் ஓரத்திலேயே கிடைக்கிறது.

ஆகவே, புதிதாக வருபவர் முதல் நாளே சிகரத்தை நோக்கி ஏறத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1,000 முதல் 1,700 மீட்டர் வரையிலான நடுச்சரிவில், ஊர்களை இணைக்கும் பழைய கோவேறுகழுதைப் பாதைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் மூன்று நான்கு நாட்கள் நடந்துவிட்டு, அதன் பிறகு உயரத்தைப் பற்றி யோசிப்பதே சரியான வரிசை. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதற்படி: பருவத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஏப்ரல் பிற்பாதி முதல் ஜூன் நடு வரையிலும், செப்டம்பர் நடு முதல் அக்டோபர் இறுதி வரையிலும் நடப்பதே நல்லது. வசந்தத்தில் பனி உருகி வாய்க்கால்கள் நிரம்பி ஓடும். இலையுதிர் காலத்தில் செஸ்ட்நட் மரங்கள் பொன்னிறமாகிக் காய்களை உதிர்க்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடுச்சரிவு ஊர்களிலேயே பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டிவிடும். அப்போது வருபவர்கள் காலை ஆறரை மணிக்குள் புறப்பட்டு, நண்பகலுக்கு முன்னரே நடையை முடித்துவிட வேண்டும். குளிர்காலத்தில் கீழ்ச்சரிவுப் பாதைகள் பெரும்பாலும் திறந்தே இருக்கும் என்றாலும், 2,000 மீட்டருக்கு மேல் பனியும் உறைபனியும் கிடக்கும். பனிக்கோடரியும் காலணி முட்களும் பழகாதவர்கள் அந்த மாதங்களில் மேலே செல்லக் கூடாது. சிகரங்களின் நிழற்புறங்களில் பனி ஜூன் வரையிலும் நிற்பதுண்டு என்பதால், கீழே வெயில் சுடுவதை வைத்து மேலே உள்ள நிலையை முடிவு செய்வது ஆபத்தானது. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சுமார் 6 பாகை குறைகிறது. அதே அளவு உயரத்துக்குப் புறஊதாக் கதிரின் வலிமை பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. குளிர்ந்த காற்று வீசுவதால் வெயில் உறைக்காது. மாலையில்தான் தோல் எரிந்திருப்பது தெரியும்.

இரண்டாம் படி: சென்று சேர்தலும் தங்குமிடமும்

கிரனாடா நகரப் பேருந்து நிலையத்திலிருந்து லன்ஹரோன், ஒர்ஹிவா வழியாக மேல் ஊர்களுக்குப் பேருந்துகள் நாள்தோறும் செல்கின்றன. எண்ணிக்கையில் அவை மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் இன்னும் குறையும். ஆகவே, திரும்பும் பேருந்தின் நேரத்தைக் குறித்துக்கொண்ட பிறகே நடைத் திட்டத்தை வகுக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை என்பது பலரும் அறிந்ததே. அந்த விண்ணப்பத்துக்கு எடுக்கும் பயணக் காப்பீடு மலை மீட்புச் செலவையும் உள்ளடக்குகிறதா என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

தங்குவதற்கு இரண்டு இடங்களைச் சொல்வேன். போக்கேய்ரா பள்ளத்தாக்கின் மூன்று ஊர்களான பம்பனேய்ரா, புபியோன், கபிலேய்ரா ஆகியவற்றில் விடுதிகளும் கடைகளும் அதிகம்; கூட்டமும் அதிகம். அதற்குக் கிழக்கே, பிட்ரெஸைத் தலைமை ஊராகக் கொண்ட லா தாஹா என்னும் சிற்றூர்த் தொகுதி அமைதியானது. வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு அதுவே பொருத்தம். ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசமரபான நஸ்ரித் சுல்தான்கள் கிரனாடாவை ஆண்ட காலத்தில் அல்புஹார்ரா முழுவதும் தாஹா என்னும் நிர்வாகப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அந்தப் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் ஊராட்சி இது.

மூன்றாம் படி: பையில் இருக்க வேண்டியவை

கணுக்காலைத் தாங்கும், அடிப்பகுதியில் நல்ல பிடிப்புள்ள காலணி முதலில் வேண்டும். இந்த மலையின் பாறை அடுக்கடுக்காக உரியும் தன்மை உடையது. இறங்கும்போது கற்பலகைகள் காலுக்கடியில் நழுவும். அகலமான விளிம்புள்ள தொப்பி, முழுக்கைச் சட்டை, சூரியக் களிம்பு, காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலங்கி ஆகியவை எல்லாப் பருவத்திலும் தேவை. வெயில் நாட்களில் ஒருவருக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அத்துடன் உப்பும் இனிப்பும் சேர்ந்த ஏதாவதொரு தின்பண்டமும் வேண்டும்.

ஊர்களின் நடுவே உள்ள நீரூற்றுத் தொட்டிகள் பெரும்பாலும் குடிக்கத் தகுந்தவை. 'அகுவா போத்தாப்லே' என்று எழுதியிருந்தால் குடிக்கலாம். 'நோ போத்தாப்லே' என்றிருந்தால் குடிக்கக் கூடாது. வாய்க்கால் நீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் மேலே ஆடுமாடுகள் மேய்கின்றன; வடிகட்டாமல் அதைக் குடிக்க வேண்டாம்.

ஸ்பெயினின் தேசியப் புவியியல் நிறுவனம் வெளியிடும் 1:25,000 அளவு வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்வதோடு, தாளிலும் ஒரு வரைபடம் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பள்ளத்தாக்குகளின் அடியில் கைப்பேசித் தொடர்பு பல இடங்களில் அறவே கிடைக்காது.

நான்காம் படி: பாதைக் குறிகளைப் படித்தல்

வெள்ளையும் சிவப்புமாக இரண்டு கோடுகள் தீட்டப்பட்டிருந்தால் அது நெடும்பாதை; வெள்ளையும் மஞ்சளும் என்றால் ஒரு நாளுக்குள் முடியும் குறும்பாதை; வெள்ளையும் பச்சையும் என்றால் ஊரைச் சுற்றியுள்ள சிறுபாதை. கோடுகள் இணையாக இருந்தால் நேரே செல்லலாம். வளைந்திருந்தால் அந்தத் திசையில் திரும்ப வேண்டும். குறுக்காக வெட்டிப் பெருக்கல் குறிபோல் இருந்தால் அது தவறான வழி. அல்புஹார்ராவின் ஊர்களைக் கிழக்கு மேற்காக இணைக்கும் ஜி.ஆர். 7 என்னும் நெடும்பாதை, ஐரோப்பாவின் ஈ4 தொலைதூர நடைபாதையின் பகுதியாகும். மலைத்தொடர் முழுவதையும் சுமார் 300 கிலோமீட்டரில் வலம்வரும் ஜி.ஆர். 240 பாதைக்கு, இந்த மலைக்கு அரபு மொழியில் வழங்கிய சுலாயர் என்னும் பழம்பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

குறிகளை மட்டும் நம்பக் கூடாது. வெயிலில் சாயம் வெளுத்துவிடும், புதர்க்காடு மூடிவிடும். பத்து நிமிடங்களுக்கு ஒரு குறியும் தென்படவில்லை என்றால், கடைசியாகக் குறியைப் பார்த்த இடத்துக்குத் திரும்புவதே முறை. நேரத்தைக் கணக்கிடும்போது தூரத்தைவிட ஏற்றத்தையே முதன்மையாகக் கொள்ள வேண்டும். புதியவர் மணிக்கு 300 மீட்டர் உயரம் ஏறுவார் என்று வைத்துக்கொண்டால் திட்டம் பிழைக்காது.

ஐந்தாம் படி: முதல் நடை, பம்பனேய்ராவிலிருந்து கபிலேய்ராவுக்கு

பம்பனேய்ரா சுமார் 1,060 மீட்டர் உயரத்திலும், கபிலேய்ரா 1,436 மீட்டரிலும் உள்ளன. நடுவில் புபியோன் இருக்கிறது. தார்ச்சாலை வளைந்து வளைந்து செல்ல, பழைய பாதை அடுக்கு வயல்களின் ஊடாக நேராக ஏறுகிறது. தூரம் அதிகமில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள், ஏனென்றால் இந்த நடையில் கண்ணுக்கு வேலை அதிகம்.

பம்பனேய்ராவை விட்டு ஏறி, அதன் கூரைகள் கண்மட்டத்துக்கு வரும் இடத்தில் ஒருமுறை நின்று திரும்பிப் பாருங்கள். ஸ்பெயினின் பிற பகுதிகளில் காணும் சிவப்பு ஓட்டுக் கூரை இங்கே இல்லை. எல்லாம் தட்டைக் கூரைகள். செஸ்ட்நட் மர உத்தரங்களைப் பரப்பி, அவற்றின் மேல் கற்பலகைகளையோ நாணற்பாயையோ அடுக்கி, அதற்கும் மேல் லாவ்னா என்னும் சாம்பல்நீல மண்ணை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பியிருப்பார்கள். மலைப்பாறை உதிர்ந்து உண்டாகும் இந்த மண், காய்ந்திருக்கும்போது பொடியாக இருக்கும். மழை பட்டதும் இறுகி நீரை உள்ளே விடாது. அதைத் தேய்பிறையில்தான் பரப்ப வேண்டும் என்பது இங்குள்ள பெரியவர்கள் கடைப்பிடித்த வழக்கம். கூரையின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கற்பலகை, சுவரில் மழைநீர் வழியாமல் தள்ளிவிடுகிறது. புகைபோக்கிகள் வெள்ளை உருளைகளாக எழுந்து, உச்சியில் ஒரு வட்டக் கற்பலகையைத் தொப்பியாக அணிந்திருக்கின்றன. தெருவின் மேலே இரு வீடுகளையும் இணைத்துக் கட்டிய மூடுபாதைக்குத் தினாவோ என்று பெயர்; கீழே நிழல், மேலே ஓர் அறை. இதே வகையான கட்டுமானத்தை மொராக்கோவின் அட்லஸ் மலையிலுள்ள பெர்பெர் ஊர்களிலும் காணலாம்.

மூன்று ஊர்களிலும் உள்ள தேவாலயங்கள் 16ஆம் நூற்றாண்டின் முதேஹார் பாணியைச் சேர்ந்தவை. வெளியிலிருந்து செங்கல் கோபுரத்தையும், திறந்திருந்தால் உள்ளே சென்று மரச்சட்டக் கூரையின் வடிவக்கணிதப் பின்னல்களையும் பார்க்க வேண்டும். கிறித்தவ வழிபாட்டுக்காக முஸ்லிம் தச்சுமரபு கட்டித்தந்த கூரைகள் அவை.

ஊருக்கு வெளியே, காற்று நன்றாக வீசும் மேட்டு முனைகளில், கல் பாவிய வட்டத் தளங்களைக் காண்பீர்கள். இவை நெற்களம் போன்ற கதிரடிக்கும் களங்கள். கோதுமையும் பார்லியும் இங்கே மிதிக்கப்பட்டு, கடற்காற்றில் தூற்றப்பட்டன. களம் இருக்கும் இடத்தில் கட்டாயம் ஒரு பழைய பாதை இருக்கும் என்பதால், வழி தேடுபவருக்கும் அது உதவும்.

ஆறாம் படி: வாய்க்காலைப் புரிந்துகொள்ளுதல்

அல்புஹார்ராவில் நடப்பவர் கற்றுக்கொள்ள வேண்டியவற்றுள் இதையே நான் தலையாயதாகக் கருதுகிறேன். மழை அரிதான கோடை நான்கைந்து மாதம் நீளும் இந்தச் சரிவில், மேலே பனியாகக் கிடக்கும் நீரைப் பயிருக்குத் தேவைப்படும் மாதம் வரை எங்கே சேமிப்பது என்பதே வாழ்வின் கேள்வி. அணை கட்டுவதற்கு இடமில்லை. பள்ளத்தாக்குகள் அவ்வளவு செங்குத்தானவை. இடைக்காலத்தில் இங்கே வாழ்ந்த முஸ்லிம் உழவர்கள் மலையையே நீர்த்தொட்டியாக்கினார்கள்.

இதற்காக வெட்டப்பட்டவை கரேயோ வாய்க்கால்கள். வசந்தத்தில் பனி உருகி ஓடைகள் பெருகும்போது, உயரத்தில் ஓடையை மறித்து நீரை வாய்க்காலில் திருப்புகிறார்கள். வெறும் மண்ணில் தோண்டிய அந்த வாய்க்கால், சரிவின் குறுக்கே மெல்லிய சாய்வில் நெடுந்தூரம் சென்று, நீர் எளிதில் இறங்கக்கூடிய மேட்டுப்பகுதிகளை அடைகிறது. அங்கே வேண்டுமென்றே நீரைப் பரவவிட்டு மண்ணுக்குள் இறங்கச் செய்கிறார்கள். உதிர்ந்த பாறை அடுக்கின் ஊடே அந்த நீர் மெதுவாகக் கசிந்து, வாரங்களும் மாதங்களும் கழித்து, கோடையின் நடுவில், பல நூறு மீட்டர் கீழே ஊற்றுகளாக வெளிவருகிறது. ஐரோப்பாவில் நிலத்தடி நீரைச் செயற்கையாக ஊட்டும் முறைகளுள் மிகப் பழமையானது என்று இதை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஊருக்கு அருகே உள்ள கீழ் வாய்க்கால்கள் வேறு வகை. அவை ஊற்று நீரையும் ஆற்று நீரையும் குளங்களுக்கும் அடுக்கு வயல்களுக்கும் நேராகக் கொண்டு செல்கின்றன.

வாய்க்காலைப் பராமரிக்கவும் மடை திறக்கவும் ஊர்ச்சங்கம் ஒருவரை அமர்த்துகிறது. அவரை அசெக்கியேரோ என்று அழைக்கிறார்கள். நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி செய்துவந்த வேலையையே அவரும் செய்கிறார்: கரை உடைந்தால் புல்கட்டியும் கல்லும் வைத்து அடைப்பது, இலைதழைகளை வாருவது, இன்னாருக்கு இத்தனை மணி நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவது.

வாய்க்கால் கரையில் நடக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். முதலாவதாக, கரையோர மரங்கள். மண் வாய்க்காலிலிருந்து கசியும் நீரைக் குடித்தே செஸ்ட்நட்டும் வால்நட்டும் வரிசையாக வளர்ந்திருக்கின்றன. கசிவை வீண் என்று நினைத்துச் சிமெண்டு பூசிய இடங்களிலும், குழாய் பதித்த இடங்களிலும் மரங்கள் பட்டுப்போனதைக் காணலாம். இரண்டாவதாக, மதகு. ஒரு கற்பலகையோ இரும்புத் தகடோ வைத்துக் கந்தலும் மண்ணும் திணித்து அடைத்திருப்பார்கள். அதைத் தொடவே கூடாது. ஒருவருடைய முறைத்தண்ணீரை அது தாங்கி நிற்கிறது. மூன்றாவதாக, கைவிடப்பட்ட வாய்க்கால்கள். 1950களுக்குப் பிறகு பார்சலோனாவுக்கும் ஜெர்மனிக்கும் வேலை தேடி மக்கள் வெளியேறியதால் பராமரிக்க ஆளில்லாமல் பல வாய்க்கால்கள் தூர்ந்துவிட்டன. மீட்கும் முயற்சியும் நடக்கிறது: 2014இல் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் ஊர்மக்களும் சேர்ந்து, கான்யார் ஊரின் மேலே பல ஆண்டுகளாக வறண்டு கிடந்த பார்ஹாஸ் வாய்க்காலைத் தூர்வாரி மீண்டும் நீர் ஓடச் செய்தார்கள். அதன் பிறகு வேறு பல ஊர்களிலும் இந்தப் பணி தொடர்ந்திருக்கிறது.

கரைப்பாதை சமமானது, நிழலுள்ளது, ஆகவே புதியவருக்கு ஏற்றது. ஆனால் சில இடங்களில் ஒருபுறம் நேர்ச்சரிவு இருக்கும். ஈரமான கரை வழுக்கும். குழந்தைகளோடு செல்பவர்கள் முன்கூட்டியே விடுதியாரிடம் கேட்டு, அகலமான கரையைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

ஏழாம் படி: லா தாஹா வட்டநடையும் 1568இன் கதையும்

பிட்ரெஸிலிருந்து மெசினா, மெசினில்யா, ஃபொண்டாலெஸ் என்று படிப்படியாக இறங்கி, ஃபெரெய்ரோலா, அதல்பெய்தர் வழியாக ஏறித் திரும்பும் வட்டநடை, நிதானமாகச் சென்றால் அரைநாளுக்கு மேல் எடுக்கும். அல்புஹார்ராவில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்லும் நடை இது.

புறப்படும் முன் கதையின் முன்பகுதியைத் தெரிந்துகொள்வது நல்லது. 1492 ஜனவரி 2 அன்று கிரனாடா, கத்தோலிக்க அரசர்களான இசபெல்லா, ஃபெர்டினாண்டு ஆகியோரிடம் சரணடைந்தது. கடைசிச் சுல்தான் போஅப்திலுக்கு அல்புஹார்ராவில் நிலம் தரப்பட்டது. அவர் மறுஆண்டே கடல் கடந்து மொராக்கோ சென்றுவிட்டார். அவருடைய தந்தை முலே அசென் புதைக்கப்பட்டதாகச் செவிவழிக் கதை சொல்லும் சிகரமே முலாசென். முஸ்லிம்களின் மதமும் சொத்தும் காக்கப்படும் என்று சரணடைவு உடன்படிக்கை உறுதியளித்திருந்தது. ஏழே ஆண்டுகளில் அந்த உறுதி குலைந்தது. 1499இல் கட்டாய ஞானஸ்நானம் தொடங்கியது; அதை எதிர்த்த கிளர்ச்சி 1501 வரை நீடித்து அடக்கப்பட்டது. அதன் பின் பெயரளவில் கிறித்தவரானவர்களை மொரிஸ்கோக்கள் என்று அழைத்தார்கள். அவர்கள் மல்பெரி வளர்த்துப் பட்டு நூற்றார்கள். அந்தப் பட்டின்மீது அரசு விதித்த வரி கருவூலத்துக்குப் பெரும் வருவாயாக இருந்தது. 1567இல் இரண்டாம் ஃபிலிப் மன்னரின் ஆணை அரபு மொழியையும், உடையையும், பொதுக்குளியல் கூடங்களையும் தடைசெய்தது. 1568 கிறிஸ்துமஸை ஒட்டி அல்புஹார்ரா கிளர்ந்தெழுந்தது.

ஃபொண்டாலெஸிலிருந்து கீழே இறங்கினால், ட்ரெவேலெஸ் ஆற்றின் குறுகிய இடுக்கின்மேல் ஒற்றை வளைவில் நிற்கும் பழைய பாலத்தை அடைவீர்கள். அருகே சிதைந்த மாவரைக்கும் ஆலை. எதிர்ச்சரிவில் கற்சுவர் தாங்கிய கொக்கிவளைவுப் பாதை ஒன்று மடிந்து மடிந்து ஏறுகிறது. சாலைகள் வரும்முன் இவ்வழியேதான் பட்டும் உப்பும் மீனும் கோவேறுகழுதைகளின் முதுகில் சென்றன. பாலத்தில் நின்று பார்த்தால், இந்த நிலத்தில் படை நடத்துவது எவ்வளவு கடினம் என்பது விளங்கும்: ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குச் செல்ல ஒரு சில கடவுகளே உண்டு. கிளர்ச்சிக்காரர்கள் அபென் உமேயா என்ற பெயரில் தங்களுக்கு ஓர் அரசரை முடிசூட்டினார்கள். கிளர்ச்சியின் தொடக்கத்தில் பல ஊர்களில் பாதிரியார்களும் கிறித்தவர்களும் கொல்லப்பட்டார்கள். 1569 ஜனவரியில் மொந்தேஹார் பிரபுவின் படை நுழைந்தபோது, ஹூவிலெஸ் ஊரில் சரணடைந்திருந்த மொரிஸ்கோப் பெண்கள் பெருந்தொகையில் ஓரிரவில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இரண்டையும் அக்கால ஸ்பானிய வரலாற்றாசிரியர்களே பதிந்து வைத்திருக்கிறார்கள். அபென் உமேயா அதே ஆண்டு அக்டோபரில் தம் ஆட்களாலேயே கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த அபென் அபோவும் 1571 மார்ச்சில் அதே முடிவை அடைந்தார்.

போர் முடியும் முன்பே, 1570இல் கிரனாடாவின் மொரிஸ்கோக்களைக் காஸ்டீலின் பல பகுதிகளுக்கு அரசு விரட்டியது. சுமார் 80,000 பேர் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் மதிப்பு. குளிரிலும் நோயிலும் வழியிலேயே மடிந்தவர்கள் பலர். 1609இல் தொடங்கிய இறுதி வெளியேற்றம் அவர்களை ஸ்பெயினை விட்டே துரத்தியது. வெறுமையான ஊர்களில் கலீசியா, லியோன், காஸ்டீல் முதலிய இடங்களிலிருந்து குடும்பங்கள் அழைத்துவரப்பட்டுக் குடியேற்றப்பட்டன. வாய்க்காலையும் அடுக்கு வயலையும் கையாளக் கற்றுத்தருவதற்காக ஊருக்கு இரண்டு மொரிஸ்கோக் குடும்பங்கள் நிறுத்திவைக்கப்பட்டன என்று இங்கே வழிவழியாகச் சொல்லுகிறார்கள். நிலமும் நீர்முறையும் எப்படிப் பங்கிடப்பட்டன என்பதை ஊர்தோறும் அப்போது எழுதிய அப்பேயோ பதிவேடுகள் காட்டுகின்றன. முஸ்லிம்கள் காலத்து நீர்முறையையே அவை பல இடங்களில் அப்படியே எடுத்துக்கொண்டன. நீங்கள் நடந்துவந்த கரையில் இன்று ஓடும் தண்ணீர், விரட்டப்பட்டவர்கள் வகுத்த வழியில், வந்து குடியேறியவர்களின் வயலுக்குப் பாய்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த ஊர்களின் பெயர்களையும் சுவர்களையும் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஃபெரெய்ரோலாவை விட்டுப் புஸ்கீஸ்தார் செல்லும் பாதையில் சிறிது தூரம் சென்றால், இரும்புச்சத்தும் கரியமில வாயுவும் கலந்து நுரைக்கும் ஊற்று ஒன்று இருக்கிறது. பாறையெல்லாம் துருநிறம். ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்க்கலாம். நாக்கில் இரும்பு படும்.

எட்டாம் படி: உயரம்

முலாசென் ஏற விரும்புபவர்கள் கோடையில் கபிலேய்ராவிலிருந்து இயங்கும் தேசியப் பூங்காப் பேருந்தில் சுமார் 2,700 மீட்டர் வரை சென்று, அங்கிருந்து நடக்கலாம். தனியார் வண்டிகளுக்கு மேலே அனுமதியில்லை. இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால், 2,500 மீட்டரிலுள்ள போக்கேய்ரா மலைவிடுதியில் ஓர் இரவு தங்கி ஏறுவது உடலுக்கும் நல்லது, முன்பதிவு கட்டாயம். பிற்பகல் இடிமழைக்கு முன்பே சிகரத்தை விட்டு இறங்கிவிட வேண்டும். தலைவலியும் குமட்டலும் வந்தால் மருந்தைத் தேடாமல் கீழே இறங்குங்கள். ஆகஸ்ட் 5 அன்று ட்ரெவேலெஸ் மக்கள் பனிமாதாவின் திருவுருவத்தைச் சிகரத்துக்கு எடுத்துச்சென்று திருப்பலி நடத்துகிறார்கள்; அன்று நல்ல கூட்டம் இருக்கும்.

ஒன்பதாம் படி: ஊரில் பழகும் முறையும் எச்சரிக்கைகளும்

வழியில் யாரைக் கண்டாலும் காலையில் 'புவேனோஸ் தியாஸ்', மதிய உணவுக்குப் பின் 'புவேனாஸ் தார்தேஸ்' என்று வணக்கம் சொல்வது இங்கே அடிப்படை மரியாதை. கடைகள் பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை மூடியிருக்கும். நடைக்கு வேண்டிய ரொட்டியையும் பழத்தையும் காலையிலேயே வாங்கிவிடுங்கள். மதிய உணவு இரண்டு மணிக்கு மேல், இரவு உணவு எட்டரைக்கு மேல். இந்த வட்டாரத்தின் பெயர் பெற்ற உணவு பன்றித்தொடையை உப்பிட்டு மலைக்காற்றில் உலர்த்துவது. ட்ரெவேலெஸ் அதற்கே புகழ்பெற்றது. சைவ உணவுக்காரர்கள் 'சின் கார்னே' என்று மட்டும் சொன்னால் போதாது, ஏனென்றால் உலர்ந்த பன்றித்தொடையைப் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'சின் ஹமோன்' என்றும் தனியாகச் சொல்ல வேண்டும். குடைமிளகாயும் வெங்காயமும் சேர்த்து எண்ணெயில் மெதுவாக வேகவைத்த உருளைக்கிழங்கு எல்லா இடத்திலும் கிடைக்கும்; நடைக்குப் பின் அது நல்ல உணவு.

கால்நடைகளுக்காகப் பாதையில் வைத்திருக்கும் கம்பிக் கதவுகளை, கடந்ததும் பழையபடியே சாத்த வேண்டும். மந்தையைக் காக்கும் பெரிய நாய்கள் குரைத்து வந்தால் ஓடக் கூடாது. மந்தையைச் சுற்றி விலகி, மெதுவாக நடந்து கடக்க வேண்டும். குளிர்காலக் கடைசியில் பைன் மரங்களிலிருந்து வரிசையாக இறங்கும் கம்பளிப்புழுக்களைத் தொட்டால் கடுமையான அரிப்பும் வீக்கமும் வரும். ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை அந்தலூசியாவின் காட்டுப்பகுதிகளில் தீ மூட்டுவது தடைசெய்யப்பட்டிருக்கிறது; மற்ற மாதங்களிலும் நடையர்கள் தீ மூட்டாமல் இருப்பதே இந்தக் காய்ந்த மலைக்குச் செய்யும் உதவி. அவசரத்துக்கு 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பாதையின் பெயரையும் கைப்பேசி காட்டும் ஆயத்தொலைவுகளையும் சொல்லத் தயாராக வைத்திருங்கள்.

இந்த நடைகள் பழகியவர்கள் அடுத்ததாகக் கிழக்கே செல்லலாம். ஹூவிலெஸின் மேலுள்ள குன்றில் பழைய கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. அபென் உமேயாவின் சொந்த ஊரான வாலோரில் ஆண்டுதோறும் செப்டம்பர் 15 அன்று மூர்கள் எனப்பட்ட முஸ்லிம்களும் கிறித்தவர்களும் மோதும் கதையை ஊர்மக்களே வேடமிட்டு, செய்யுள் வசனம் பேசி, தெருவில் நடிக்கிறார்கள். வாலோரில் தங்கும் அறைகள் குறைவு. திருவிழாவை ஒட்டிச் செல்வதானால் சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொண்டு, அன்றைக்குப் பேருந்து எங்கே நிற்கும் என்பதையும் விடுதியாரிடமே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.